நாற்பத்து மூன்று அங்குல முதுகு வலி

ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டு ஹாலில், எங்கள் வீட்டு டிவியில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு முடிவு எடுத்தேன். இதில் என்ன பெரிய முடிவு என்று கேட்பவர்கள் என் மனைவி கிருபாவதியைப் பார்த்ததில்லை. பேரில் கிருபை இருக்கிறது. பேரோடு நின்றுவிட்டது.

என் பெயர் ஈஸ்வரபாண்டி. தேனியில் ஒரு விதைக்கடையில் மேனேஜர். குடியிருப்பு அல்லிநகரம். விதை முளைக்கவில்லை என்று கையில் மண்ணோடு சண்டைக்கு வருகிற விவசாயச் சம்சாரியைக்கூடப் பேசியே சமாதானப்படுத்தி, இன்னொரு பாக்கெட் விதையோடு அனுப்பி வைக்கிற ஆள் நான். வீட்டில் மட்டும் என் பேச்சு இதுவரை முளைத்ததில்லை.

டிவி நாற்பத்து மூன்று அங்குலம். ஹெச்.டி. கிருபாவின் அண்ணன் முத்துக்கருப்பன், என் மச்சான், தேவதானப்பட்டியில் மாந்தோப்பு வைத்திருப்பவர், தங்கச்சிக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதனால் அது எங்கள் ஹாலில் மாட்டியிருந்தாலும் தேவதானப்பட்டி எல்லைக்கு உட்பட்டது. ரிமோட் கிருபாவின் இடுப்பில் இருக்கும். சாவிக்கொத்து அதற்குப் பக்கத்தில் தொங்கும். விளையாட்டு சேனல்களை எல்லாம், "யாரு பாக்கப் போறா?" என்று கேபிள்காரரிடம் சொல்லி எப்போதோ எடுத்துவிட்டாள்.

எனக்கென்று இருந்தது உள்ரூம் கம்ப்யூட்டர். கடையில் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் எனக்கு மவுசு கிடையாது. கம்ப்யூட்டருக்காவது ஒன்று இருந்தது. அதில் மேட்ச் பார்க்கச் சந்தாவும் கட்டியிருந்தேன். ஆனால் திரை சின்னது. பந்து வருவது தெரியாது. ஆள் அவுட்டாகிப் போவதை வைத்துப் பந்து வந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு நவாஸ் செல்போன் கடை வைத்திருக்கிறார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று யோசனை கேட்டேன்.

"இம்புட்டுதானண்ணே, ஹெச்.டி.எம்.ஐ. வயர் ஒண்ணு போதும். கம்ப்யூட்டர்ல ஒரு முனை, டிவில ஒரு முனை. அங்கன என்ன தெரியுதோ அதே இங்கன தெரியும்."

"அப்படியேவா?"

"அச்சு அசலாண்ணே. நீங்க கம்ப்யூட்டர்ல தும்முனா டிவில சாரல் அடிக்கும்."

அந்த வார்த்தையை அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நீளமான வயராக ஒன்று வாங்கி வந்தேன்.

வீட்டுக்குள் வந்தால் கிருபா போனை வைத்துவிட்டு முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம அண்ணன் புது வீட்டுக்குப் பால் காச்சுறாக. இப்பத்தான் சொன்னாக. நம்ம முன்னாடியே போயி நிக்கணும்."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"வர்ற ஞாயித்துக்கெழமதான். போன ஞாயித்துக்கெழமைக்கு இப்பப் போயா பால் காச்சுவாக?"

அதே ஞாயிறு. பால் காய்ச்சுவது காலையில் முடிந்துவிடும். ஆனால் மச்சான் வீட்டு விசேஷம் அதோடு முடியாது. மதியம் கிடாக்கறி விருந்து. ஒவ்வொரு விருந்திலும், "மாப்ள கையால பரிமாறுனாத்தான் எனக்குத் திருப்தி" என்று மச்சான் ஒரு வாளியை என் கையில் கொடுத்துவிடுவார். மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு. அது குழம்பு வாளியோடு வரும். கடைசிப் பந்தி கையலம்பும்போது மேட்ச் முடிந்து கோப்பையை விமானத்தில் ஏற்றியிருப்பார்கள்.

"அதென்ன கையில பாம்பு மாதிரி?" என்றாள் கிருபா, வயரைப் பார்த்து.

"உனக்காகத்தான்த்தா. சமையல் வீடியோவெல்லாம் போன்ல கண்ணச் சுருக்கிக்கிட்டுப் பாக்கறியே, பெரிசாப் பாக்கட்டுமேன்னு."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு, "சரி, மாட்டுங்க" என்றாள்.

மாட்டினேன். உள்ரூமில் ஒரு முனையைச் செருகி, வெண்டிலேட்டர் வழியாக வயரை ஹாலுக்கு இறக்கி, ஸ்டூல் மேல் ஏறி டிவியின் முதுகில் தடவிப் பார்த்து, கையில் அகப்பட்ட ஓட்டையில் மறுமுனையைக் குத்தினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். காலால் பிடித்துக்கொண்டாள். கையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ரிமோட்டைக் கேட்டேன். கொடுக்கவில்லை. எதை அமுக்க வேண்டும் என்று கேட்டு அவளே அமுக்கினாள். நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. "சிக்னல் இல்லை" என்று எழுதியிருந்தது.

உள்ரூமுக்கு ஓடி இரண்டு பட்டனைத் தட்டினேன். ஹாலுக்கு ஓடி வந்தேன். சிக்னல் இல்லை. மறுபடி ஓடினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சிக்னல் இல்லை.

"என்னங்க, எனக்காக இம்புட்டு ஓடுறீக. கல்யாணத்தப்பக்கூட இப்படி ஓடலையே" என்றாள். பிறகு மணியைப் பார்த்தாள். "சீரியல் வந்துரும். நாளைக்கி ஓடிக்கங்க."

நீலத் திரை போய் ஒரு மாமியார் அழுகிற திரை வந்தது. வயர் மட்டும் அப்படியே தொங்கியது. மறுநாள் நவாஸிடம் சொன்னபோது, "வேற ஓட்டையில குத்திப் பாருங்கண்ணே" என்றார். அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. இப்போதே படம் வந்துவிட்டால் கிருபா அதையும் எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்பின பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதுவரை சிக்னல் இல்லாமலே இருக்கட்டும். எனக்குச் சிக்னல் இல்லாமல் இருந்து பழக்கம்தான்.

அடுத்த வேலை, அவளை மட்டும் ஊருக்கு அனுப்புவது. கடையில் வேலை என்று சொல்ல முடியாது. முதலாளிக்கே போன் போட்டுக் கேட்பாள். காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வியாதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. முதுகு வலி.

ஆனால் எதையும் முறையாகச் செய்ய வேண்டும். அன்று சாயங்காலம் உள்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில், "முதுகு வலி உள்ளவர் எப்படி எழுந்திருப்பார்" என்று தேடினேன். ஒரு டாக்டர் கட்டிலில் ஒரு ஆளைப் படுக்கவைத்துச் செய்து காட்டினார். ஏனோ கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். கீழே எழுத்தில் ஓடியது. இடது பக்கமாக உருண்டு, கையை ஊன்றி, காலை மெல்லத் தொங்கப்போட்டு, மூச்சை உள்ளே இழுத்து எழ வேண்டும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அதேபோலச் செய்து பார்த்தேன். பிறகு, "முதுகு வலி வந்தால் பயணம் செய்யலாமா" என்று தேடினேன். கூடாது என்று வந்தது. மனதுக்கு இதமாக இருந்தது.

ஹாலில் நவாஸின் மனைவி சுமையா வந்திருந்தாள். அவளும் கிருபாவும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. நல்ல காமெடி சீரியல் போல என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். டிவியில் பல்பொடி விளம்பரம் ஓடியது. இருவரும் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் அப்படியே. நான் உள்ளே, அவர்கள் ஹாலில். கடையில் என்னோடு வேலை பார்க்கிற சுருளிராஜனுக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே வாட்ஸ்அப்பில் தட்டினேன்.

"மச்சான் வீட்டு விசேஷத்துக்கு நான் போகல. சனிக்கிழமை எனக்கு முதுகு வலி வருது. எங்க வீட்டுக் கலெக்டர் கிளம்புனதும் நீ வந்துரு. பெரிய திரையில பாப்போம்."

"கலெக்டருக்குத் தெரிஞ்சா?" என்று பதில் வந்தது.

"அவளுக்கு சீரியலத் தவிர ஒண்ணும் தெரியாது" என்று தட்டினேன்.

ஹாலில் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. சீரியல் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. கிருபா காபியோடு வரும் சத்தம் கேட்டதும் தயாரானேன். மூச்சை உள்ளே இழுத்தேன்.

"கிருபா, முதுகுல என்னமோ புடிச்சுக்கிருச்சு. எந்திரிக்க முடியல."

அவள் பதறவில்லை. காபியை வைத்தாள். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இடது பக்கமா உருளுங்க."

"என்னது?"

"இடது பக்கமா உருண்டு, கைய ஊனுங்க. கால மெல்லத் தொங்கப் போடுங்க. ஆங், அப்படித்தான். மூச்ச இன்னுங் கொஞ்சம் இழுக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ டாக்டர் சொன்னாக."

எனக்கு லேசாக வியர்த்தது. ஆனால் முன்வைத்த காலைப் பின்வைக்க முடியாது. முதுகு வலிக்காரன் அப்படி வேகமாகக் காலை நகர்த்தக் கூடாது.

"நாளைக்கி ஊருக்கு எப்படி வருவேன்னுதான் கவலையா இருக்கு" என்றேன்.

"பயணமே கூடாதாம்ல? நீங்க அலட்டிக்கிராதீக. நான் மட்டும் போயிக்கிறேன்."

நெஞ்சுக்குள் வெடி வெடித்தது. முகத்தை வலியாகவே வைத்திருந்தேன். ரொம்பக் கஷ்டம். சிரிப்பை அடக்கும்போது முகம் தானாகவே வலிக்கிற மாதிரி ஆகிவிடும். அது உதவியது.

அதற்குப் பிறகு சிகிச்சை ஆரம்பித்தது. மெத்தை ஆகாது என்று ஹாலில் வெறும் பாயில் படுக்க வைத்தாள். தலையணையை எடுத்துவிட்டாள். ஒரு தைலம் தேய்த்தாள். அது முதுகுக்கானதா மாட்டுக்கானதா தெரியவில்லை. எரிந்த எரிச்சலில் நடிப்பே தேவைப்படவில்லை. மதியம் அடுப்பங்கரையிலிருந்து நாட்டுக்கோழி வறுக்கிற வாசம் வந்தது. எனக்கு அரிசிக் கஞ்சி வந்தது.

"கோழி?"

"சூடுங்க. முதுகுக்கு ஆகாது. சுமையா வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன்."

"கொஞ்சம் குழம்பாவது ஊத்தக் கூடாதா?"

"கலெக்டர் உத்தரவுன்னு நெனச்சுக்கிட்டுக் கஞ்சியக் குடிங்க."

கஞ்சியைக் கீழே வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. எல்லாரும் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தைதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு கஞ்சியை விழுங்கினேன்.

ஞாயிறு விடிந்தது. பாயில் கிடந்தபடியே அவள் பட்டுச்சேலை கட்டுவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று முதுகுக்கு ஆறுதல் சொன்னேன். வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். பின்னாலேயே, பால் காய்ச்சுகிற நாளில் வீட்டுக்காரர் வரமாட்டார் என்று நான் நம்பியிருந்த என் மச்சானே இறங்கி வந்தார்.

"மாப்ள, படுத்துட்டீகளாமே. கேட்டதும் மனசு கேக்கல. பால் காச்சுறதுக்கு முன்னாடி ஒரு எட்டுப் பாத்துருவோம்னு ஓடியாந்தேன்" என்று என் காலடியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன். கண் கலங்கியிருந்தது.

"வலி ரொம்பங்களா மாப்ள?"

"ரொம்ப மச்சான்."

"அப்பச் சரி, நீங்க அசையாதீக. நாங்க டிவியக் கழட்டிக்கிறோம்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. டிரைவர் ஸ்டூலில் ஏறிவிட்டார். கிருபா உள்ரூமிலிருந்து கம்ப்யூட்டர் டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வயரைச் சுருட்டி மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தாள்.

"கிருபா, இதெல்லாம் எங்க?"

"அண்ணன் வீட்டுக்குத்தான். வர்ற சனமெல்லாம் மேட்ச்சு இருக்குதே, மேட்ச்சு இருக்குதேன்னு பொலம்புதாம். பந்தல்ல பெரிசா வச்சுட்டா எல்லாரும் சாப்ட்டுட்டு உக்காந்து பாப்பாகள்ல."

"அந்த வயர்தான் வேலை செய்யலையே."

அவள் குனிந்து, பாயைச் சரிசெய்கிற மாதிரி என் காதருகே வந்தாள். மச்சானுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீங்க குத்துனது ரெண்டாவது ஓட்ட. டிவி மொத ஓட்டயப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரிமோட்டுல ஒரு பட்டன அமுக்கணும், அம்புட்டுத்தான். அன்னைக்கி நீங்க உள்ள போனதுமே சும்மா அமுக்கிப் பாத்தேன். வந்துருச்சு."

"அன்னையிலருந்தா?"

"அன்னையிலருந்து. சத்தமும் இங்கனதான் வந்துச்சு. நான் ஊமையாக்கி வச்சுருந்தேன்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"பாத்தேன். சுமையாவும் பாத்தா. கலெக்டர் சமாச்சாரம் வந்தப்ப அவ தமிழ் வாசிக்கத் தடுமாறுனா. நான்தான் படிச்சுக் காட்டுனேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் குரல் இன்னும் இறங்கியது.

"சுருளிராஜன் அண்ணனுக்கு உங்க கம்ப்யூட்டர்லருந்தே நேத்து ஒரு வரி போட்டேன், மேட்ச்சு தேவதானப்பட்டியிலன்னு. கிடாக்கறியும் உண்டான்னு கேட்டாக. உண்டுன்னேன். நேரா அங்கன வந்துருவாக. இப்பவும் முதுகு சரியாப் போச்சுன்னு சொன்னீகன்னா வேன்ல எடம் இருக்கு."

எழுந்துவிடலாம். ஒரு நொடிதான். ஆனால் காலடியில் மச்சான் உட்கார்ந்து என் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கலங்கிய கண்ணோடு வந்த மனுஷன் முன்னால் துள்ளி எழுந்தால், இனி அந்த வீட்டில் என்ன முகத்தோடு கால் வைப்பது? மூச்சை உள்ளே இழுத்தேன்.

"முடியலையேத்தா" என்றேன்.

"பாத்தீகளாண்ணே, எம்புட்டு வலி" என்றாள் கிருபா.

வேன் கிளம்பியது. போகும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத வீடு என்று கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். சுவரில் டிவி இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மிச்சம். எந்த ஓட்டையிலும் படம் தெரியவில்லை.

மதியம் மேட்ச் ஆரம்பித்தது. போனிலாவது பார்க்கலாம் என்று எடுத்தேன். "உங்கள் கணக்கு இன்னொரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று வந்தது. ஒரு சந்தாவுக்கு ஒரு திரைதானாம். நான் கட்டிய சந்தாவில் தேவதானப்பட்டியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுருளிராஜனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் கைதட்டல் சத்தம்.

"அண்ணே, பிரமாதம்ணே. பந்துல உள்ள தையல்கூடத் தெரியுது. சுக்கா போட வர்றாக, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

பாயில் படுத்து அந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் நவாஸ் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பவுண்டரிக்கும் அவர் கத்துவது சுவர் தாண்டி வந்தது. பவுண்டரியா விக்கெட்டா என்று சத்தத்தை வைத்து ஊகித்துக்கொண்டு கிடந்தேன். பசியும் சேர்ந்துகொண்டது. மிச்சக் கஞ்சி ஆறிப்போயிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சத்தம் கூடிக்கொண்டே போனது. பொறுக்க முடியாமல் பின்வாசலில் வந்து நின்றேன். ஜன்னல் வழியாக நவாஸ் என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, வாங்கண்ணே. கடைசி ஓவர்."

"கேட்டு பூட்டியிருக்கு நவாஸ்."

"அப்படின்னா விடுங்க. உங்களுக்கு முதுகு வேற வலி."

உள்ளே அவர் டிவியில் கூட்டம் ஆர்ப்பரித்தது. என் உடம்பில் எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. கைலியை மடித்துக் கட்டினேன். நாலெட்டு பின்னால் போய் ஓடி வந்தேன். காம்பவுண்டுச் சுவரில் ஒரு கையை மட்டும் ஊன்றினேன். மறுநொடி அந்தப் பக்கம் நின்றேன். பள்ளிக்கூட நாளில்கூட அப்படித் தாண்டியதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கைலியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். மாடியில் சுமையா நின்றாள். கையில் போன். போனின் முகம் என்னைப் பார்த்து இருந்தது.

"நல்லாருக்கீகளாண்ணே" என்றாள். "அக்கா ஒரு கண்ணு பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாக."

என்ன பார்த்துக்கொண்டாள் என்று விசாரிக்க நேரமில்லை. உள்ளே ஓடி நவாஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ரன் அவுட்டை மூன்றாவது நடுவர் ஓட்டி ஓட்டிப் பார்த்து முடித்ததில் நேரம் போய், ஒருவழியாக ஆறு பந்தில் நாலு பந்து முடிந்தது. அடுத்த பந்து போட பவுலர் ஓடி வந்துகொண்டிருந்தான். அப்போது என் போன் அடித்தது. மச்சான். எடுக்காமல் இருக்க முடியாது. காலையில் பாதத்தைத் தடவிவிட்டுப் போன மனுஷன்.

போனைக் காதில் வைத்தேன். பின்னால் ஒரே சிரிப்பு. பந்தலே குலுங்குகிற மாதிரி இருந்தது. விக்கெட் ஏதும் விழுந்துவிட்டதோ என்று நவாஸின் டிவியைப் பார்த்தேன். இல்லை.

"மச்சான், என்ன சத்தம்? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மாப்ள. ஒடம்பு தேவலையான்னு கேக்கத்தான் போட்டேன்."

"பரவால்ல மச்சான். வலி இன்னும் லேசா இருக்கு. படுத்தே கெடக்கேன்."

"அப்படியா. இப்பத்தான் ஒரு வீடியோ வந்துச்சு. கிருபா அதக் கம்ப்யூட்டர்ல ஏத்தி டிவில போட்டா. சொவரத் தாண்டுனீக பாருங்க, என்னா சுத்தம். பந்தல்ல உள்ள சனம் பூரா எந்திரிச்சு நின்னுருச்சு."

பக்கத்தில் நவாஸ் எழுந்து குதித்தார். என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

"மச்சான்," என்றேன், "அதெல்லாம் அப்புறம் பேசிக்குவோம். கடைசி ஓவரு ஓடுது. மேட்ச்சப் பாருங்க மொதல்ல."

"மேட்ச்ச எங்க மாப்ள பாக்க விடுறாக? அத நிறுத்தி வச்சுட்டு உங்களத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாக."